விடவேண்டிய வினா



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் கணிதம் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேர்வுக்குச் செல்லும் மாணவர்களிடம் தவறாமல் ஒன்று கூறுவேன்: “எந்த வினாவையும் விட்டுவிடாதீர்கள்.” பள்ளித் தேர்வைப் பொறுத்தவரை அது நல்ல அறிவுரையே. விடை முற்றுப் பெறாவிடினும் போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டல்லவா? ஆனால் அதே அறிவுரை என் மாணவி ஒருத்திக்கு ஓராண்டை வீணாக்கிற்று. அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் கூற வந்தேன்.

அவள் சோமனூர்ப் பக்கத்துப் பெண். தந்தையார் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கோவையில் கணிதப் பட்டம் பெற்றாள். வங்கி அதிகாரி ஆகவேண்டும் என்பது அவள் விருப்பம். நம் கொங்கு நாட்டில் அது வியப்புக்குரியதன்று. கரூரில் 1916 இலேயே நம்மவர் வங்கி கண்டனர். 1969 ஜூலை 19 ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆனபின் சிற்றூர்களிலும் கிளைகள் பெருகின. தறிக்கும் தென்னைக்கும் கோழிப் பண்ணைக்கும் கடன் கேட்டு வங்கிப் படி ஏறாத குடும்பம் இங்கே குறைவு. மேசைக்கு இந்தப் பக்கம் கைகட்டி நின்ற தந்தையைக் கண்ட பிள்ளைக்கு, அந்தப் பக்கத்து நாற்காலியில் அமரும் ஆசை எழுவது இயல்புதானே?

பொதுத்துறை வங்கிகள் பலவற்றுக்கும் சேர்த்து 2011 முதல் பொதுத்தேர்வு நடைபெற்று வருகிறது. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் அதனை நடத்துகிறது. பாரத ஸ்டேட் வங்கி தனியே தேர்வு வைக்கிறது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் எழுதலாம். முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என மூன்று படிகள். முதல்நிலையில் பெறும் மதிப்பெண் அடுத்த படிக்குச் செல்ல மட்டுமே உதவும். இறுதிக் கணக்கில் சேராது. இருந்தும், பெரும்பாலோர் இடறி விழுவது அந்த முதற்படியிலேதான்.

அங்கே ஒரு மணி நேரத்தில் 100 வினாக்கள். ஆங்கிலம், கணிதம், தருக்கத் திறன் என்ற மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே 20 நிமிடம். நேரம் முடிந்ததும் கணினி தானே அடுத்த பகுதிக்குச் சென்றுவிடும். திரும்பி வர வழியில்லை. தவறான விடைக்கு அந்த வினாவின் மதிப்பெண்ணில் கால் பங்கு குறையும்.

என் மாணவி தருக்கப் பகுதியில் ஐந்தாம் வினாவுக்கு வந்தாள். வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்ந்திருக்கிறார்கள். யார் அருகில் யார் என்று காண வேண்டும். அரைகுறையாக விட மனமின்றி ஒன்பது நிமிடம் அதிலேயே செலவிட்டாள். விடையும் கண்டாள். பதினேழாம் வினாவை எட்டியபோது திரை மாறிவிட்டது. பின்னாலிருந்த எளிய வினாக்களை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மதிப்பெண் வந்த அன்று என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “நீங்கதானுங்களே ஐயா, எதையும் விடக்கூடாதுன்னு சொன்னீங்க” என்றாள். குற்றம் சாட்டும் குரல் அன்று அது. அதனாலேயே என் நெஞ்சில் மிகுதியாகத் தைத்தது.

மறுநாள் முதல் ஆசிரியனும் மாணவியுமாக இருவரும் புதிதாகப் படிக்கத் தொடங்கினோம். முதற் பாடம் கணக்குத்தான். ஒரு வினாவுக்கு ஒரு மதிப்பெண் என்று கொள்ளுங்கள். விடைகள் ஐந்துள் ஒன்றே சரி. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வினாக்களுக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், நான்கு தவறாகும். ஒன்று வரும், நான்கு கால்களாக ஒன்று போகும். மிச்சம் சூனியம்! ஆனால் ஐந்தில் இரண்டு விடைகள் பொருந்தா என்று உறுதியாகத் தெரிந்தால் நிலை வேறு. அத்தகைய மூன்று வினாக்களில் சராசரியாக ஒன்று சரி, இரண்டு தவறு. அரை மதிப்பெண் ஆதாயம். ஆகவே தெரியாததை ஊகிப்பதும் விடுவதும் மனத் துணிவைப் பொறுத்தவை அல்ல, கணக்கைப் பொறுத்தவை.

ஒரு வினாவைப் படித்து அரை நிமிடத்துக்குள் வழி புலப்படாவிட்டால் கடந்து செல்வது என்று விதி செய்துகொண்டோம். சொல்வது எளிது. என் மேசைக் கடிகாரத்தை முன்வைத்து நாள்தோறும் பழகியும் அவளுக்கு மூன்று மாதம் பிடித்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கே இது மிகவும் கடினம். பாதியில் விடுவதைத் தோல்வி என்று அவர்களுக்கு நாங்களே கற்பித்துவிட்டோம்.

மற்றொரு தடையையும் மறைக்காமல் கூறவேண்டும். எழுத்தர் பணிக்கான தேர்வை இப்போது தமிழிலேயே எழுதலாம். 2021 இல் அதற்கு வழி பிறந்தது. அதிகாரி தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. தமிழ் வழியில் பயின்றவருக்கு இது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் நியாயம் வரும்வரை காத்திருக்க அவளுக்கு வயது இடங்கொடாது. வயது வரம்பு கடந்தால் வாய்ப்பு முடியும். தனிவட்டி, கூட்டுவட்டி, இலாப நட்டம், விகிதம் எல்லாம் அவள் எட்டாம் வகுப்பிலிருந்தே அறிந்தவை. அவற்றின் ஆங்கிலப் பெயர்களையும், கேட்கும் தோரணையையும் ஒரு நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதினாள். நாளிதழ்த் தலையங்கம் ஒன்றைத் தினமும் உரக்கப் படித்தாள். தறிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்காது என்பாள். கட்டணப் பயிற்சிக்கு அக்குடும்பத்தில் பணமில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டென்று அறிந்து அங்கே சென்றாள். உங்கள் மாவட்டத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

இரண்டாம் முறை தேர்வு முடிந்து வந்தவளிடம், “என்ன அம்மிணி, எப்படி?” என்றேன். “தருக்கத்தில் பதினொன்றை விட்டுவிட்டேன் ஐயா” என்று சிரித்தாள். முதன்மைத் தேர்விலும் நேர்காணலிலும் தேறினாள். மகாராட்டிரத்தில் ஒரு சிற்றூர்க் கிளையில் பணி கிடைத்தது. அங்கே மராத்தி கற்றுக்கொண்டிருக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் பேசினாள். பருத்தி விதைப்புக்குக் கடன் கேட்டு விவசாயிகள் வரிசையில் நிற்கிறார்களாம். அந்தப் பக்கத்துப் பஞ்சு நம் ஊர் ஆலைகளுக்கும் வருவதுண்டு என்றேன். “அப்பாவிடம் சொல்லுங்கள் ஐயா” என்றாள். மறுநாள் சோமனூர் பேருந்தில் ஏறினேன்.