சாந்து குழைக்கும் கைகள்
(மகளிர் தொழிற்பயிற்சி பற்றிய உரை)



இலண்டன் வாட்டர்லூ பாலம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எழுந்தபோது பெண்கள் பலர் அதிற் பாடுபட்டனர். 1945 இல் நடந்த திறப்பு விழாவிலோ ஆண்களுக்கு மட்டுமே புகழாரம்! அந்நாட்டு மரபுச் சின்னப் பதிவேட்டில் பெண்களின் பங்கு ஏற 2015 ஆயிற்று.

தமிழ்நாட்டிலே சித்தாளாகச் சேரும் ஆண் சில ஆண்டுகளிற் கொத்தனாராகிறான்; பெண்ணோ முதுமைவரை சித்தாளே. கல் சுமக்கலாமாம், கல் அடுக்கலாகாதாம்! ஆயினும் ஜார்க்கண்டில் கழிப்பறைகள் கட்டப் பயின்ற பெண்களை இன்று ‘ராணி மிஸ்திரி’ என்றழைக்கின்றனர்.

பிறரைக் குறைகூறுவானேன்? நம் மட்டக்குளித் தங்கையொருத்தி மேசன் வேலை பழகக் கேட்டபோது, நாம் தையல் வகுப்பையன்றோ காட்டினோம்? அன்று அது நமக்குத் தவறாகவும் தோன்றவில்லை. இவ்வாண்டுப் பயிற்சி வகுப்பில் அவளுக்கோர் இடம் ஒதுக்குமாறு இச்சபையை வேண்டுகிறோம்.