மீனவர் நட்ட காடு

மலேசியாவின் பினாங்கு என்றதும் ஜார்ஜ் டவுன் தெருக்களும் நாசி கண்டார் உணவுக் கடைகளும்தான் நம் நினைவுக்கு வரும். தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி பெருநிலப் பக்கம், நிபோங் திபாலை அடுத்த சுங்கை ஆச்சே வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே ஓர் அலையாத்திக் காடு இருக்கிறது. அதைக் காப்பவர்கள் கரையோர மீனவர்கள்.

முன்பு இறால் பண்ணைகளுக்காக இங்கே காடு அழிக்கப்பட்டது. இழுவைப் படகுகள் கரையை நெருங்கின. வலையில் மீன் குறைந்தது. அதனால் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1997 முதல் தாங்களே கன்று நட ஆரம்பித்தார்கள். சுரபுன்னை என்னும் அலையாத்தி மரத்தின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். அதைச் சேற்றில் ஊன்றினால் வேர் பிடிக்கும். அந்த வேரிடுக்கில்தான் மீன்குஞ்சும் நண்டும் வளரும். காட்டைப் பார்க்க வருகிறவர்களும் கன்றுக்குப் பணம் கொடுத்து நடுகிறார்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் கழுதைமுள்ளி என்னும் செடியின் இலையில் மூலிகைத் தேநீர் செய்து விற்கிறார்கள்.

இத்தகைய காட்டின் நீர்க்கழிகளைச் சுற்றிப் பார்க்கப் பொருத்தமானது கயாக் எனும் துடுப்புப் படகு. விசைப்படகு கிளப்பும் அலை கரையை அரிக்கும், இளங்கன்றைச் சாய்க்கும். கயாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை, இரைச்சல் இல்லை. மீன்கொத்தி அவ்வளவாக மிரளாது. தமிழ்நாட்டின் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் உள்ளூர்க்காரர்கள் துடுப்புப் போடுவதுபோல, இங்கும் வழிகாட்டி அந்த ஊர் மீனவராகவே இருக்கட்டும். ஏற்றவற்றம் அவருக்குத்தான் அத்துபடி. பயணத்துக்குப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: நான் கட்டும் பணத்தில் கிராமத்துக்கு எவ்வளவு போகிறது?