புதுக்குப்புறம்

திருச்சி காட்டூர்ப் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவரிடம் என்ன வேலை என்று கேட்டால், "ரீமாடல் பண்றோம்" என்பார். 'புதுப்பித்தல்' என்ற சொல்லைத்தான் ஓட்டுநர் உரிமத்துக்கும் ரேஷன் அட்டைக்கும் எழுதிக்கொடுத்துவிட்டோமே!

கோயில் விஷயத்தில் மட்டும் பழைய சொற்கள் தாக்குப்பிடித்திருக்கின்றன. வடமொழியில் 'ஜீர்ணோத்தாரணம்'. ஜீர்ணம் என்றால் நைந்துபோனது. உத்தாரணம் என்றால் தூக்கி நிறுத்துவது. காலையில் சாப்பிட்ட பொங்கல் 'ஜீரணம்' ஆவதும் இதே ஜீர்ணம்தான். வயிறு சோற்றைச் செய்வதைக் காலம் கல்லுக்குச் செய்கிறது.

தமிழில் 'திருப்பணி' என்றோம். அதைவிட எனக்குப் பிடித்தது கல்வெட்டில் வரும் ஒரு சொல்: 'புதுக்குப்புறம்'. புதுக்கு என்றால் புதிதாக்கு. புறம் என்பது ஒரு செலவுக்கென விடப்பட்ட நிலம். கோயில் பழுதானால் சரிசெய்ய, முன்கூட்டியே ஒதுக்கிய நிலம்தான் புதுக்குப்புறம். இடிந்த பிறகு உண்டியல் குலுக்கவில்லை, பாருங்கள்.

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில், பிற்காலத்தில் ஒட்டவைத்த கட்டுமானங்களை அகற்றித் திருப்பணி செய்து, 2015இல் குடமுழுக்கு நடத்தினார்கள். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது வந்தது. அங்கே புதுக்கியது என்றால், பாதி வேலை கழித்ததுதான்.