கூட்டணி இல்லாத காவல்



சர்வதேச உறவுகள் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பாடநூல்களில் வல்லரசுகளுக்கு அத்தியாயம், சிறிய நாடுகளுக்கு அடிக்குறிப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிய நாடு தவறு செய்தாலும் சமாளித்துக்கொள்ளும். சின்ன நாட்டுக்கு அந்த வசதி கிடையாது. ராஜதந்திரத்தைச் சின்ன நாடுகளிடம்தான் கற்க வேண்டும்.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1965இல் தனி நாடானபோது கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். மற்றபடி பிரிட்டிஷ் படைதான் காவல். அவர்களும் 1971க்குள் கிளம்புவதாக 1968 ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். நல்லவேளை, அதற்குள் கட்டாய ராணுவச் சேவை வந்திருந்தது. இஸ்ரேலியப் பயிற்சியாளர்களை வரவழைத்து, அண்டை நாடுகள் முகம் சுளிக்காமலிருக்க ‘மெக்சிகோக்காரர்கள்’ என்று பெயர் சூட்டிவைத்தார்கள். 1971இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியாவோடு ஐந்து நாட்டு ஏற்பாடு. தாக்குதல் வந்தால் கூடிப் பேசுவோம் என்கிறது அது. கட்டாயம் வந்து காப்போம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை!

முதல் வெளியுறவு அமைச்சர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். ஒரே வல்லரசின் நிழலில் ஒதுங்குவதைவிட எல்லோருக்கும் இங்கே அக்கறை இருப்பதே பாதுகாப்பு என்று கருதியவர். 1990 அக்டோபரில் சீனாவோடு தூதரக உறவு. அடுத்த மாதமே அமெரிக்கப் படைகள் சிங்கப்பூரின் தளங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம். ஆனாலும் அமெரிக்காவோடு ராணுவக் கூட்டணி ஒப்பந்தம் கிடையாது.

இதற்கு விலை இல்லையா? உண்டு. சிறிய தீவில் பீரங்கி சுடக்கூட இடம் போதாது. அதனால் 1975 முதல் தைவானில் பயிற்சி. 2016 நவம்பரில் அங்கிருந்து சரக்குக் கப்பலில் திரும்பிய ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்களை ஹாங்காங் சுங்கத்துறை பிடித்துவைத்தது. தைவானோடு ராணுவத் தொடர்பு கூடாது என்று பெய்ஜிங் கண்டித்தது. சிங்கப்பூர் கூச்சல் போடவில்லை; வேறொரு அரசின் சொத்தைப் பறிமுதல் செய்யமுடியாது என்ற சட்ட வாதத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. 2017 ஜனவரியில் வண்டிகள் வீடு திரும்பின.

இரட்டை வேடம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. வேடம் போடுகிறவன் ஒளிப்பான். 2019 செப்டம்பரில் அமெரிக்கத் தள ஒப்பந்தத்தை மேலும் 15 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார்கள். அடுத்த மாதம் பெய்ஜிங்கில் சீனாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்பை விரிவாக்கிக் கையெழுத்திட்டார்கள். இரண்டையும் பகிரங்கமாகவே செய்தார்கள்.