வீழ்பவன் தரும் வெற்றி



மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாடலில் பாடினார். அக்கிள்ளியை விரும்பிப் பாடியவர் நக்கண்ணையார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்பதே பட்டமாயிற்று. வென்றவர் பெயர்கள் நின்றன. ஆமூர் மல்லனின் இயற்பெயர் மட்டும் நமக்குக் கிட்டவில்லை.

1950களில் இந்திய நகரங்களைக் கவர்ந்த குஸ்தி, தாராசிங்குக்கும் கிங்காங்குக்கும் நடந்தது. சென்னையும் அதைக் கண்டது. 1928இல் பஞ்சாபில் பிறந்த தாராசிங், 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார், 1987இல் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமன் ஆனார், 2003இல் மாநிலங்களவைக்குச் சென்றார், 2012இல் மறைந்தார். “நீ என்ன பெரிய தாராசிங்கா?” என்று தமிழ் வழக்கிலும் இடம்பெற்றார்.

எதிரே நின்ற கிங்காங் யார்? 1909இல் ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்த எமில் சாயா. தாராசிங்கைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். 1933இல் வந்த திரைப்படத்துப் பெருங்குரங்கின் பெயரே அவர் அரங்கப் பெயர். தாடியும் பேருடலும் அச்சமூட்டும் வேடமாயின. நாயகனின் வலிமையை மக்கள் அளந்தது அவரைக் கொண்டுதான். சாலை விபத்தில் காயமுற்று 1970இல் அவர் இறந்தபோதும் உலகம் அறிந்தது கிங்காங்கையே. எமில் சாயாவை அன்று.

தொழில்முறை மற்போரில் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்னரே பேசி முடிக்கப்படுவது. நெடுங்காலம் காக்கப்பட்ட இம்மறையை, அமெரிக்காவின் பெரிய மற்போர் நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநில அவையில் ஒப்புக்கொண்டது. அப்படியாயின் இது வெறும் பொய்யா?

நம் வட்டாரத் தெருக்கூத்தை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். பதினெட்டாம் போரில் துரியோதனன் வீழ்வான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆயினும் ஊர் விடியவிடிய விழித்திருக்கிறது. கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிய துரியோதனன் தளர்ந்து ஆடினால், வீமனுக்கு ஏது பெருமை? வீழ வேண்டியவனே முழு ஆற்றலோடு ஆட வேண்டும். முடிவு தெரிந்ததே, அவன் மூச்சிரைப்பு மெய்.

ஒரு வேறுபாடும் உண்டு. கூத்தர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிடுவார். மல்லரின் வேடமோ உடலே. இமாச்சலத்தின் தலிப் சிங் ராணா, காளியின் பெயரைத் தழுவி ‘கிரேட் காளி’ என அமெரிக்க அரங்கில் ஏறினார். அங்கே அவர் பெரும்பாலும் பேசாத பூதம். 2007இல் உலகப் பட்டம் வென்றார். அவரது பேருருவுக்குக் காரணம் பிட்யூட்டரிச் சுரப்பியில் இருந்த கட்டி. 2012இல் அதற்கு அறுவை நடந்தது. கூட்டம் கண்டு வியந்த உருவம், அவருக்கு நோயாகவும் இருந்தது. 2015இல் ஜலந்தரில் பயிற்சிப் பள்ளி தொடங்கி, இளையோருக்கு அக்கலையைக் கற்பிக்க முன்வந்தார்.

கவிஞர்களே, வாகை சூடியவனைப் பாட ஈராயிரம் ஆண்டு மரபு நம்மிடம் உண்டு. தான் விழுந்து பிறரை உயர்த்துவதையே தொழிலாகக் கொண்டவனுக்குப் பாடல் அரிது. அவன் வேடப் பெயரை மட்டுமன்றி இயற்பெயரையும் கேட்டறிந்து பாடுவது இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் ஒன்றாகட்டும். ஆமூர் மல்லனுக்கு நாம் பட்ட கடன் அவ்வாறேனும் சிறிது தீரும்.