அறுபதில் எதை எடுப்பது?

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றி நான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவதோ அட்டை விளையாட்டைப் பற்றி. பின் வரிசையில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அடுத்த மாதம் நம் பிள்ளைகள் நால்வர் பட்டணத்தில் நடக்கும் போக்கிமோன் அட்டைப் போட்டிக்குப் போகிறார்கள். நம் பள்ளியிலிருந்து அப்படிப் போவது இதுவே முதல் தடவை. ஆனால் இரண்டு வீட்டிலிருந்து இன்னும் கையெழுத்து வரவில்லை. "சீட்டு வெளையாடவா சார் பள்ளிக்கூடம் அனுப்புறோம்?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். சம்பளத்தன்றே சீட்டில் காசு காலியான வீடுகளை லயத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் முதலில் நானும் இந்த அட்டைகளைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தேன்.

பிறகு ஒரு நாள் அவற்றை எடுத்துப் படித்துப் பார்த்தேன். 1996-ஆம் ஆண்டில் ஜப்பானில் தொடங்கிய விளையாட்டு இது. பந்தயக் காசு கிடையாது. இருவர் ஆடுவார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. கட்டில் சரியாக 60 அட்டை இருக்க வேண்டும்; 59-ம் கூடாது, 61-ம் கூடாது. ஒரே பெயருள்ள அட்டை 4-க்கு மேல் போகக்கூடாது. அடிப்படைச் சக்தி அட்டைக்கு மட்டும், பிள்ளைகள் 'எனர்ஜி' என்பார்களே அதற்கு மட்டும், இந்த வரம்பு இல்லை. தொடக்கத்தில் கையில் 7 அட்டை. ஒவ்வொருவரும் 6 அட்டையைக் கவிழ்த்து ஒதுக்கி வைப்பார்கள். அதற்குப் பெயரே பரிசு அட்டை. எதிராளியின் போக்கிமோனை வீழ்த்த வீழ்த்தத் தன் பரிசு அட்டைகளை எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றார்.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் கட்டைக் கொண்டுவந்து காட்டினான். எண்ணிப் பார்த்தேன். போக்கிமோன் 31, சக்தி அட்டை 22, மற்ற உதவி அட்டைகள் 7. நெருப்பு, நீர், மின்னல் என்று மூன்று வகை. பிடித்ததையெல்லாம் போட்டிருந்தான். கல்யாண வீட்டுக்கு ஊரையே அழைத்துவிட்டுச் சமைக்க ஆள் வைக்காத கதைதான். நெருப்புப் போக்கிமோன் கைக்கு வந்தால் நீர்ச் சக்தி வரும். ஒரு முறைக்கு ஒரு சக்தி அட்டைதான் கையிலிருந்து பொருத்தலாம் என்பது விதி. கை நிறைய எனர்ஜியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பெரிய தவறு வேறிடத்தில் இருந்தது. ஆட்டம் தொடங்க, முதல் 7 அட்டையில் ஓர் அடிப்படைப் போக்கிமோனாவது வர வேண்டும். வராவிட்டால் கையைக் காட்டிவிட்டு, கலைத்து மறுபடி 7 எடுக்க வேண்டும். எதிராளி கூடுதலாக ஓர் அட்டை எடுத்துக்கொள்வான். இவன் கட்டில் அடிப்படைப் போக்கிமோன் 8 மட்டுமே. மற்றவை வளர்ந்த பெரிய போக்கிமோன்கள். கணக்குப் போட்டுக் காட்டினேன். 8 இருந்தால் 100-க்கு ஏறக்குறைய 35 தடவை கை வெறுங்கையாக வரும். அதுவே 12 ஆனால் 19 தடவைதான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பின்னக் கணக்கில் ஆர்வத்தோடு உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நானும் வாத்தியார் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்!

பிறகு வெட்ட ஆரம்பித்தோம். செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், மட்டையைக் கழிக்காமல் குலைக்குக் கத்தி போகாது. நெருப்பு வகை ஒன்றே போதும் என்று முடிவாயிற்று. சார்மாண்டர் 4, அது வளர்ந்தால் வரும் சார்மெலியன் 3, அதற்கும் மேலான சாரிசார்ட் 3, வேறு அடிப்படைப் போக்கிமோன் 8. ஆக 18. சக்தி அட்டை 10. மீதி 32-ம் உதவி அட்டைகள். கட்டிலிருந்து வேண்டியதைத் தேடி எடுப்பவை, புதிதாக அட்டை இழுக்க வைப்பவை. பார்க்க அழகில்லாத அட்டைகள்தாம். ஆனால் அவை இல்லாமல் சாரிசார்ட் கட்டின் அடியிலேயே தூங்கும். முக்கியமான அட்டை ஒன்றே ஒன்று வைத்திருந்தால் அது கவிழ்த்த ஆறில் போய் மாட்டிக்கொள்ளப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் உயிரான அட்டையை இரண்டு மூன்றாக வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எடுக்கச் சம்மதித்தவன், தங்க நிறத்தில் பளபளக்கும் நான்கு அட்டையை மட்டும் எடுக்க மாட்டேன் என்றான். ஏன் என்றால் பேச்சில்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெல்லியவை, பின்பக்க நீலமும் வெளுத்திருந்தது. போலி. போட்டியில் போலி அட்டைக்கு இடமில்லை. "எவன்டா உன்னை ஏமாத்தினது?" என்று கோபமாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கதான் சார் கொடுத்தீங்க" என்றான்.

ஆமாம். போன ஆண்டு வாய்ப்பாடு ஒப்பித்ததற்குப் பரிசாக இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கி வந்து பிரித்துக் கொடுத்தவன் நான்தான். அவை போலி என்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "சார் கொடுத்ததை எப்படி சார் எடுக்கிறது?" என்று கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நானே என் கையால் அந்த நான்கையும் உருவி எடுத்தேன். இப்போது அவை அவன் வீட்டு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை கேட்கிறான் என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால், சீட்டுக்கும் நம்பர் எடுப்பதற்கும் சொந்தக்காரன் அந்தப் பாக்கெட்தான், ஆட்டம் அல்ல. வேண்டிய அட்டையைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். உதவி அட்டைகளில் பெரும்பாலானவை பளபளப்பில்லாத சாதாரணப் பதிப்பில் மலிவாகவே கிடைக்கும். பழைய அட்டையாக இருந்தால் கீழே இடது மூலையில் உள்ள சிறிய ஆங்கில எழுத்தைப் பாருங்கள். எந்த எழுத்து செல்லும் என்று போட்டி நடத்துபவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது.

பிள்ளைகளே, உங்களுக்கு வேலை இன்னும் முடியவில்லை. புதுக் கட்டோடு பத்து ஆட்டம் ஆடினோம், ஏழில் தோற்றோம். ஒவ்வொரு தோல்விக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொன்னேன். "அதிர்ஷ்டம் இல்லை" என்று எழுதியவனை மறுபடி எழுத வைத்தேன். ஏழில் நான்கு வரி ஒரே மாதிரி இருந்தது: மூன்றாம் முறை வந்தும் சாரிசார்ட் வரவில்லை. ஆகவே தேடும் அட்டை இரண்டு சேர்த்தோம், அட்டை இழுப்பதில் ஒன்றும் சக்தியில் ஒன்றும் குறைத்தோம். ஒரு தடவைக்கு இரண்டு அட்டைக்கு மேல் மாற்றாதீர்கள். மொத்தமாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாமல் போகும். போட்டிக்கு முந்தின இரவு யார் என்ன சொன்னாலும் கட்டில் கை வைக்காதீர்கள்.

அட்டை உறைகள் 60-ம் ஒரே நிறமாக, கிழியாமல் இருக்கட்டும். கட்டின் பட்டியலைத் தெளிவாக எழுதி வையுங்கள், எண்ணிக்கை 60 தானா என்று இரண்டு பேர் கூட்டிப் பாருங்கள். பகடை, பென்சில், தண்ணீர்ப் போத்தல் மறக்க வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் வென்றாலும் தோற்றாலும் எதிரில் இருப்பவருக்குக் கை கொடுத்துவிட்டு எழுந்திருங்கள்.

அனுமதிப் படிவம் ஆசிரியர் அறையில் என் மேசை மேல் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருப்பேன். வேனில் இரண்டு பெற்றோருக்கும் இடம் இருக்கிறது. சந்தேகம் உள்ள அந்தத் தாயாரே வரலாம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் ஏறுவோம், பசியாறிவிட்டு வாருங்கள்.