நொக்கியாவின் தலைமை மாற்றம்

பின்லாந்து தேசத்தில் 1865இல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய நொக்கியா, பிற்காலத்திற் கைத்தொலைபேசி உலகையே ஆண்டது. 2007இல் அப்பிளின் ஐபோன் தோன்றியதும் அவ்வாட்சி ஆட்டங்கண்டது. 2010 செப்டெம்பரில் நிருவாகத் தலைவர் கல்லாஸ்வுவோ விலக்கப்பட்டு, மைக்ரோசொப்ற் நிறுவனத்திலிருந்து ஸ்டீபன் ஈலொப் அழைக்கப்பட்டார். சின்னாளிலே, திறன்பேசிப் பிரிவின் பொறுப்பாளர் வன்யொக்கியும் பதவி துறந்தார். வீட்டை அறிந்தவர் வெளியேற, புதியவர் கையிற் சாவி சேர்ந்தது எனலாம்.

எரியும் எண்ணெய் மேடையில் நிற்பவனுக்கு நிறுவனத்தை ஒப்பிட்டு, 2011 பெப்ரவரியில் ஈலொப் ஊழியருக்கு மடல் எழுதினார்: நின்றால் நெருப்பு, குதித்தாற் பனிக்கடல். குதிக்கவே துணிந்தார். சொந்தச் சிம்பியனைக் கைவிட்டு, தாம் விட்டுவந்த மைக்ரோசொப்ற்றின் விண்டோசைத் தழுவினார். கூகுளின் அன்ரொயிட்டை நாடியிருக்கலாகாதா என்று வினவுவோர் இன்றும் உளர்.

2014 ஏப்பிரலிற் கைத்தொலைபேசிப் பிரிவே மைக்ரோசொப்ற் வசமாயிற்று. ஈலொப்பும் பழைய மனைக்கே மீண்டார். 2015 யூனில் அவரது விலகல் அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, அக்கொள்வனவின் பொருட்டு 760 கோடி டொலரை மைக்ரோசொப்ற் நட்டக்கணக்கில் எழுதிற்று.